கவச உடையோடு மூச்சுக்குழாய் பொருத்துதல்: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மூச்சுப் பாதையைக் காப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்குப் பின் வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. கவச உடை போட்டதும் கண் மங்குகிறது, காது அடைக்கிறது, விரல் மரத்துப்போகிறது, அந்த நிலையில் நோயாளியின் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும் வேலையை எப்படிச் செய்வது? தொற்று நோயாளி, நஞ்சருந்தியவர், வாயு கசிந்த இடம் என்று கேள்விகள் பல பக்கம் போவதால் இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். மருந்தளவுகள் எல்லாம் வளர்ந்தோருக்கு உரியவை, பயிற்சி பெற்றவர்களுக்காக எழுதப்பட்டவை. மருத்துவத்துறை சாராத வாசகர் இருவரின் கேள்விகளும் இடையில் இருக்கின்றன. அவற்றை எல்லோரும் வாசிக்க வேண்டும்.

கேள்வி: டொக்டர், என்95 மாஸ்க், அதன் மேல் கொகிள்ஸ், அதற்கும் மேல் முகத்திரை. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துக் கண்ணாடி முழுக்கப் புகைமூட்டம். சவர்க்காரம் பூசினால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?
– வைத்திய அதிகாரி, கொழும்பு 8

பதில்: சவர்க்காரம் உதவும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மாஸ்க்கை. கொகிள்ஸ் உட்பக்கம் மங்குகிறது என்றால் நீங்கள் விடும் சூடான மூச்சு மூக்கின் இரண்டு பக்கத்தாலும் மேலே ஏறுகிறது. மூச்சு வெளியே போகும் இடுக்கு வழியாகத்தான் அறைக் காற்றும் உள்ளே வரும். ஆகவே மங்கும் கண்ணாடியை வெறும் தொல்லையாக எண்ணாதீர்கள், மாஸ்க் சரியாக ஒட்டவில்லை என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளி அழுத்துவது பலருக்குப் பழக்கம். அப்படிக் கிள்ளினால் கம்பி கூர்மையாக மடிந்து இரண்டு பக்கத்திலும் சிறு கூடாரம் போல இடைவெளி விழும். இரு கைகளின் விரல்களையும் நடுவில் வைத்து, கன்னத்தை நோக்கி ஒரே நேரத்தில் தடவி அழுத்துங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்றுப் பட்டால் திரும்பவும் சரிசெய்யுங்கள். உள்ளிழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்ளே அமுங்க வேண்டும். மேல் விளிம்பில் பிளாஸ்டர் ஒட்டினால் மங்கல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் கசிவு இருப்பதே தெரியாமலும் போய்விடும். இந்தச் சோதனையை முடித்த பிறகு வேண்டுமானால் ஒட்டுங்கள்.

சவர்க்காரம் பூசும் முறை: திரவச் சவர்க்காரம் ஒரு துளி, உட்பக்கம் முழுக்கத் தேய்த்து, காயவிட்டு, மெல்லிய துணியால் லேசாகத் துடைக்க வேண்டும். கழுவக் கூடாது. நீராவி துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் படியும், அதன் ஊடாகப் பார்க்கலாம்.

கொழும்பில் இன்னொன்றும் நடக்கும். குளிரூட்டிய ஐ.சி.யு.வில் இருந்து புழுக்கமான விடுதிக்கு ஓடி வரும்போது குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஈரம் படியும். அது மாஸ்க்கின் குற்றம் அல்ல. அங்கே போய் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் தெளிந்துவிடும். நோயாளியைத் தொடும் முன் அந்த நேரத்தைக் கொடுங்கள்.

வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் அதையே முதலில் எடுங்கள். வாய்க்குள் குனிந்து பார்க்கத் தேவையில்லை, உங்கள் முகம் நோயாளியின் வாயிலிருந்து தூரத்தில் இருக்கும். பாதி மங்கிய கண்ணாடி ஊடாகவும் திரையைப் பார்த்துவிடலாம். கூரை விளக்கு திரையிலும் முகத்திரையிலும் பளிச்சிடும், ஆகவே மருந்து கொடுக்கும் முன்பே திரையைத் திருப்பிச் சரிபாருங்கள். வாசிப்புக் கண்ணாடி தேவைப்படுபவர்கள் அதைக் கொகிள்ஸுக்குள் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

கேள்வி: காற்றால் பரவும் தொற்று என்று சந்தேகிக்கும் நோயாளிக்கு அவசரமாகக் குழாய் போட வேண்டி வந்தால் எத்தனை பேர் உள்ளே போக வேண்டும்? என்னென்ன, எந்த ஒழுங்கில்?
– பயிற்சி வைத்தியர், கொழும்பு 10

பதில்: உள்ளே மூவர், கதவுக்கு வெளியே ஒருவர். குழாய் போடுபவர் அன்றைக்கு அங்கே இருப்பவர்களில் அதிகம் அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். இது கைபழகும் இடம் அல்ல. இரண்டாமவர் குழாயை எடுத்துக் கொடுத்து, அதன் நுனியருகே உள்ள சிறு பலூனான கஃபை ஊதி, சளி உறிஞ்சும் சக்கரைப் பிடிப்பவர். மூன்றாமவர் மருந்து ஏற்றி, மொனிட்டரைப் பார்த்து, ஒட்சிசன் அளவை உரக்கச் சொல்பவர். வெளியே நிற்பவரும் முழுக் கவசத்தோடு நிற்க வேண்டும். உதவி கேட்ட பிறகு அவர் உடுத்தத் தொடங்கினால் நோயாளிக்கு அது பிந்திவிடும்.

கவசத்தோடு உள்ளே போன பிறகு செய்ய முடியாத எதையும் வெளியே செய்துவிட்டுப் போங்கள். இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மருந்துகளை சிரிஞ்சில் எடுத்துப் பெயர் ஒட்டுங்கள். குழாயின் கஃபை ஊதிப் பார்த்து, 10 மி.லி. சிரிஞ்சைக் கழற்றாமல் அப்படியே விடுங்கள். குழாயை விறைப்பாக வைக்கும் கம்பியான ஸ்டைலெட்டை வளைத்துச் செருகிவிடுங்கள். குழாயின் அளவு (உள்விட்டம், மி.மீ.) பெண்களுக்கு 7.0 முதல் 8.0 வரை, ஆண்களுக்கு 8.0 முதல் 9.0 வரை, அதோடு அரை அளவு சிறியது ஒன்றும் கையில் இருக்க வேண்டும். தடித்த மார்க்கரால் மார்பில் பெயரையும் பொறுப்பையும் எழுதுங்கள். கவசத்துக்குள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள், "அதை எடுங்க" என்றால் மூன்று பேரும் திரும்புவார்கள். முதல் முயற்சி தவறினால் என்ன, அடுத்தது தவறினால் என்ன என்பதையும் வெளியே நின்று முகத்தைப் பார்த்துப் பேசி முடியுங்கள்.

மருந்தளவை 60 கிலோ நோயாளி ஒருவரை வைத்துச் சொல்கிறோம். மயக்க மருந்தான கெட்டமின் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. வரை. 1.5 என்று எடுத்தால் 90 மி.கி., மில்லிலீற்றருக்கு 50 மி.கி. உள்ள வயல் என்றால் 1.8 மி.லி. ஏற்கெனவே இரத்த அழுத்தம் விழுந்திருப்பவருக்கு இதில் பாதி போதும். தசை தளர்த்தும் ரொக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி., அதாவது 72 மி.கி. இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. 50 மி.கி. வயல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். இரண்டு வயல் வேண்டும். தசை தளர்த்தும் மருந்து குறைந்தால் லாரிங்கோஸ்கோப்பின் பிளேட் தொண்டையில் பட்டதும் நோயாளி இருமுவார், அந்த இருமல் நேரே உங்கள் முகத்துக்குத்தான் வரும். மருந்து முழுதாகப் போன பின் மணிக்கூட்டைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் காத்திருங்கள். மூன்றாமவர் "முப்பது... நாற்பத்தைந்து... அறுபது" என்று உரக்க எண்ணட்டும். கவசத்துக்குள் வியர்த்துக் கொண்டிருப்பவருக்கு இருபது விநாடியே ஒரு நிமிடம் போலத் தோன்றும்.

ஒட்சிசன் நிரப்புவதற்குத் தலைப்பக்கத்தை 25 அல்லது 30 பாகை உயர்த்தி, இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க்கால் 3 முதல் 5 நிமிடம். இரண்டு கைகளாலும் பிடியுங்கள்: பெருவிரல்கள் மாஸ்க்கின் மேல், மற்ற விரல்கள் தாடையின் கீழ். கிருமி வடிக்கும் ஃபில்டர் மாஸ்க்கோடு ஒட்டியே இருக்க வேண்டும், மூச்சில் வரும் காபனீரொட்சைட்டை அளக்கும் கப்னோகிராப்பின் மெல்லிய குழாய் ஃபில்டருக்கு அப்பால், பேக் பக்கமாக. மாஸ்க்கைத் தூக்கும் முன் ஒட்சிசனை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அந்த ஓட்டம் நோயாளியின் மூச்சை அறை முழுக்க வீசும்.

குழாய் உள்ளே போனதும் முதலில் கஃப், பிறகு ஃபில்டரோடு இணைப்பு, பிறகுதான் காற்று. கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள். கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து மதிப்பிடுவது வெறுங்கையிலேயே நம்பத்தகாதது, இரண்டு கையுறைக்குள் அறவே முடியாது. அழுத்தமானியைத் தட்டிலேயே வையுங்கள். பின்னர் வென்டிலேட்டருக்கு மாற்றும்போது ஃபில்டரைக் குழாயோடு விட்டுவிட்டு அதற்கு அப்பால் கழற்றுங்கள். குழாயையே திறக்க வேண்டி வந்தால் முதலில் கிளாம்ப் போட்டு, வென்டிலேட்டரையும் நிறுத்துங்கள்.

கையால் அமுக்கிக் காற்று ஊதும் அம்பு பேக்கால் ஊதவே கூடாது என்று சிலர் படித்து வைத்திருக்கிறார்கள். முதல் தெரிவாக வேண்டாம் என்பதுதான் சரி. ஒட்சிசன் 90க்குக் கீழே இறங்கிக் கொண்டிருந்தால் நாக்கு பின்னால் விழாமல் தடுக்கும் ஏர்வேயை வாய்க்குள் வைத்து, ஒருவர் இரு கையால் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் மெதுவாக, சிறு அளவில் ஊத வேண்டும். ஃபில்டரும் இறுக்கமான பிடியும் இருக்கையில், நோயாளி நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்த நியாயமும் இல்லை.

கேள்வி: தலையை மூடும் கவசத்தோடு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்க முடியாது. குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?
– இறுதியாண்டு மருத்துவ மாணவி, கொழும்பு 6

பதில்: கப்னோகிராப்பின் அலையால். ஸ்டெதஸ்கோப் காதில் இருந்தாலும் அதைவிட அலைக்கே முதலிடம். மூச்சு விடும்போது ஏறி, இழுக்கும்போது இறங்கும் அலை குறைந்தது ஏழு மூச்சுக்குத் தொடர்ந்து வர வேண்டும், உயரம் போகப்போகக் குறையக் கூடாது. உணவுக்குழாயில் போன குழாயிலும் ஓரிரு மூச்சுக்குச் சிறிய அலை வந்து மறையலாம், அதனால்தான் ஏழு. அலையே இல்லை என்றால் குழாய் தவறான இடத்தில் என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள். இயந்திரம் பழுதாயிருக்கும் என்று நினைத்துக் காத்திருந்து இழந்த உயிர்கள் உலகெங்கும் உண்டு. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும்போதும் சிறிய அலை வரும், நேர்கோடு வராது.

ஒரு பக்க நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்விட்டதா என்பதை அலை சொல்லாது. பல்லருகே குழாயில் உள்ள செ.மீ. எண்ணைப் பாருங்கள்: பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 அளவில். கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்று, நெஞ்சின் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ்ரே.

கேள்வி: டொக்டர், இரண்டு கையுறை போட்டால் பிளாஸ்டர் வெட்டி ஒட்டுவதற்குள் உயிர் போகிறது. வேறு வழி உண்டா?
– தாதிய உத்தியோகத்தர், கொழும்பு 5

பதில்: பிளாஸ்டரை விட்டுவிடுங்கள். எச்சில் படிந்த கையுறையில் பிளாஸ்டர் பட்டதும் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விரலில் ஒட்டும், இழுத்தால் கையுறை நுனி சேர்ந்து வரும், கிழியும், கன்னத்திலோ வியர்வையில் ஒட்டாது. துணி நாடாவை வெளியிலேயே வெட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு வைத்திருந்து குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டர்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு துண்டின் நுனியையும் ஒரு செ.மீ. உள்ளே மடித்துத் தட்டின் விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். மடித்த நுனி கையுறையில் ஒட்டாது.

உட்கையுறை உங்கள் சரியான அளவு, கவுன் கைப்பட்டியின் கீழே. வெளிக்கையுறை நீளமானது, கைப்பட்டிக்கு மேலே. குழாயும் கஃபும் சரியென்றதும் பிளேட்டைப் பிடித்தபடியே வெளிக்கையுறையை அதன் மேல் புரட்டி உருவி, இரண்டையும் தட்டில் போடுங்கள். மிக அழுக்கான பொருள் அப்படியே உறைக்குள் போய்விடும், கட்டவும் மொனிட்டரைத் தொடவும் உட்கையுறை சுத்தமாக இருக்கும். ஸ்டைலெட்டையும், குழாய்க்கு வழிகாட்டும் நீண்ட கோலான பூஜியையும் சட்டென்று இழுக்காதீர்கள், வளைந்த நுனி நிமிரும்போது சளி சிதறும். முகத்தை விட்டு விலக்கி, மெதுவாக.

கேள்வி: மூன்று தடவை முயன்றும் முடியவில்லை, மாஸ்க்காலும் காற்று போகவில்லை. கவசத்தோடு கழுத்தைத் திறக்க முடியுமா?
– வைத்திய அதிகாரி, களுபோவில

பதில்: முடியும், வேண்டிய பொருள்கள் நான்குதான்: 10ஆம் இலக்கப் பிளேட் உள்ள ஸ்கால்பல், பூஜி, 6.0 கஃப் குழாய், சிரிஞ்ச். இவை ஒரே பொதியில் கட்டிலருகே இருக்க வேண்டும், அலுமாரியில் அல்ல.

அதற்கு முன் ஒரு படி உண்டு. குழாய் போகவில்லை என்றதும் ஐ-ஜெல் போன்ற குரல்வளைக்கு மேல் அமரும் கருவியை வைத்துப் பாருங்கள். 30 முதல் 60 கிலோவுக்கு 3, 50 முதல் 90 கிலோவுக்கு 4, அதற்கு மேல் 5. கனமான இரசாயனக் கவசத்தோடு செய்த பரிசோதனைகளிலும் குழாய் போடும் நேரம்தான் நீண்டது, இந்தக் கருவிகளுக்கு அவ்வளவு நீளவில்லை. ஐ-ஜெல்லில் ஊத வேண்டிய கஃப் இல்லை, விரல் உணர்வும் அதிகம் தேவையில்லை. கவசத்துக்குள் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

கழுத்துக்கு வருவோம். குரல்வளையின் முன்பக்கம் துளையிட வேண்டிய சவ்வு (கிரைக்கோதைரொய்ட் சவ்வு) ஒன்று உண்டு, இரண்டு கையுறை ஊடாக அதைத் தடவிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆகவே சிரமம் வரலாம் என்று தெரிந்தால் மயக்க மருந்துக்கு முன்பே தடவிப் பார்த்து, தோலில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். செய்யும்போது கழுத்தை நன்றாக நீட்டி, இடது கையால் குரல்வளையைப் பிடித்துக்கொண்டு, பிளேட்டின் கூர் உங்கள் பக்கம் இருக்கும்படி குறுக்காகக் குத்தி, கூர் நோயாளியின் கால் பக்கம் வரும்படி 90 பாகை திருப்பி, பிளேட்டை வெளியே எடுக்காமல் அதையொட்டி பூஜியை 10 முதல் 15 செ.மீ. உள்ளே விட்டு, அதன் மேல் 6.0 குழாயை ஏற்றுங்கள். கழுத்து தடித்து எதுவும் தட்டுப்படாவிட்டால் நடுக்கோட்டில் 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு நிமிர்த்தி வெட்டி, விரலால் விலக்கித் தேடுங்கள்.

"குழாய் போடவும் முடியவில்லை, ஒட்சிசனும் ஏற்ற முடியவில்லை, கழுத்துக்குப் போகிறேன்" என்று முழு வாக்கியமாக உரக்கச் சொல்லுங்கள். மாஸ்க்குக்குள் முணுமுணுத்தால் மற்றவர்களுக்கு நிலைமை தெரியாது.

கேள்வி: நஞ்சருந்தியவர் வந்தால் அந்த மணத்திலேயே ஊழியர்கள் விலகி நிற்கிறார்கள். ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிகொல்லி அருந்திய நோயாளிக்கு எந்தக் கவசம்? என்95 போதுமா? குழாய் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?
– அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர், கொழும்பு 13

பதில்: நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இருக்கும் கனம் எல்லோருக்கும் தெரியும். அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

மூக்கைத் துளைக்கும் அந்த மணம் பெரும்பாலும் நஞ்சைக் கரைத்திருக்கும் எண்ணெய் போன்ற கரைப்பானுடையது. தலையிடியும் குமட்டலும் தரும், ஆனால் மணத்தை மட்டும் முகர்ந்து பணியாளருக்குக் கடுமையான நஞ்சேற்றம் வருவது மிக அரிது. என்95 வாயுவையோ ஆவியையோ தடுக்காது, துகள்களை மட்டுமே வடிக்கும். அதை இங்கே போடுவதால் பயன் இல்லை, உங்கள் குரல் மட்டும் அடைபடும். வேண்டியது நைட்ரைல் கையுறை, நீர் புகாத ஏப்ரன், கண் காப்பு, திறந்த ஜன்னல். மெல்லிய லேட்டக்ஸ் கையுறை வேண்டாம், கரைப்பான் அதனூடே வரும். வாந்தி பட்டால் நைட்ரைலையும் உடனே மாற்றுங்கள். உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டுங்கள். தோற்பட்டி, தோற்செருப்பு, கைக்கடிகாரப் பட்டி நஞ்சை உறிஞ்சி வைத்திருக்கும், கழுவித் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தோலையும் தலைமயிரையும் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள். ஆனால் கழுவி முடியும்வரை முறிமருந்தான அட்ரோபினைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த நோயாளியின் மூச்சுப் பாதையை அடைப்பது அவருடைய சொந்தச் சுரப்பே. நுரையீரல் நீரால் நிரம்புகிறது. சக்கர் வாயை மட்டும் துடைக்கும், உள்ளே ஊறுவதை நிறுத்துவது அட்ரோபின்தான். தொடக்கத்தில் 1.8 முதல் 3 மி.கி., 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் இரட்டிப்பு, மறுபடி இரட்டிப்பு. நெஞ்சு தெளிந்து, நாடி 80க்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல் வரும்வரை. 0.6 மி.கி. அம்பூலில் கணக்குப் பாருங்கள்: 3 மி.கி. என்றால் 5, பிறகு 10, பிறகு 20. பத்து நிமிடத்துக்குள் 35 அம்பூல்கள் உடைக்க வேண்டும்! தடித்த கையுறையோடு நிற்பவர் அதைச் செய்ய முடியாது. கண்ணாடிக் கழுத்து வழுக்கும், கையுறை கிழியும், அந்தக் கிழிசல் வழியாகவே நஞ்சு தோலில் படும். நோயாளியைத் தொடாத ஒருவர், சாதாரணக் கையுறையோடு, வேறு மேசையில் நின்று அம்பூல் உடைத்து 20 மி.லி. சிரிஞ்சுகளில் நிரப்பிக் கொடுக்கட்டும். இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது. நெஞ்சு தெளிந்த பிறகு, அதுவரை கொடுத்த மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணித்தியாலத்துக்கு என்று ஏற்றிக்கொண்டிருங்கள்.

குழாய் போடும்போது தசை தளர்த்தும் மற்றொரு மருந்தான சக்சமெத்தோனியம் வேண்டாம். அதை உடைக்கும் நொதியை இந்த நஞ்சு செயலிழக்கச் செய்திருக்கும், சில நிமிடத்தில் தீர வேண்டிய தசைத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். ரொக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. கொடுங்கள். நஞ்சின் வகை தெரியாவிட்டால் போத்தல் லேபலைப் படம் எடுத்து, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தைக் கேளுங்கள்.

நரம்பு வாயு வேறு கதை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விடப்பட்டபோது, உடுப்பைக் கழற்றாமல் கொண்டுவரப்பட்ட நோயாளிகளிடமிருந்து கிளம்பிய ஆவியால் வைத்தியசாலை ஊழியர்கள் பலருக்கும் கண் மங்கல் முதலிய அறிகுறிகள் வந்தன. அங்கே கழுவும் இடமும் வடிகட்டி பொருத்திய முகமூடியும் வைத்தியசாலை வாசலிலேயே தேவை.

கேள்வி: என் தம்பி ஐஸ் தொழிற்சாலையில் வேலை. அமோனியா கசிந்தால் மூக்கை மூட என்95 வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, முகத்துவாரம்

பதில்: வேண்டாம் அம்மா, அது பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கும். அமோனியா வாயு என்95 ஊடாக அப்படியே போகும். பச்சை நிற அடையாளமிட்ட கே வகை வடிகட்டி பொருத்திய முழு முகமூடிதான் அதற்கு. அதுவும் தப்பி ஓடுவதற்கு மட்டும். கசிவு அதிகமான அறைக்குள் போக முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமக்கும் தீயணைப்புப் படையினரால்தான் முடியும், 110ஐ அழையுங்கள். அமோனியா காற்றைவிட இலேசானது என்றாலும், குளிராகக் கசியும்போது நம் ஊர் ஈரக் காற்றோடு சேர்ந்து வெண்புகையாக நிலத்தோடு பரவும். காற்று வரும் திசையை நோக்கிக் குறுக்காக விலகித் தப்ப வேண்டும். கண்ணை 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவுங்கள்.

குரல் கரகரத்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ தொண்டை வீங்குகிறது என்று பொருள், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். வைத்தியர்களுக்கு: அந்த வீக்கம் கூடும், காத்திருந்தால் வழி மூடும். 6.0, 6.5 குழாய்களையும் கழுத்துப் பொதியையும் திறந்து வைத்துக்கொண்டு முன்கூட்டியே போடுங்கள்.

கேள்வி: 2020இல் நோயாளியின் தலைக்கு மேல் கவிழ்க்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று பிரபலமானது. எங்களிடம் இன்னும் இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– தாதிய உத்தியோகத்தர், தெஹிவளை

பதில்: வேண்டாம். கை நுழையும் இரண்டு ஓட்டைக்குள் கையை விட்டால் பூஜியைத் திருப்பக்கூட இடம் இல்லை, குழாய் போடும் நேரம் நீள்கிறது, ஓட்டையின் விளிம்பில் உரசிக் கவுன் கைகளும் கிழிகின்றன. காற்றை உறிஞ்சும் வசதி இல்லாத இத்தகைய பெட்டிகளுக்குக் கொடுத்த அவசர அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதே 2020 ஓகஸ்டில் திரும்பப் பெற்றது.

கேள்வி: மார்க்க நியதிப்படி தாடி வைத்திருக்கிறேன். இரட்டை மாஸ்க் போட்டால் சரியா?
– வைத்தியர், கொழும்பு 12

பதில்: சரி வராது. விளிம்பு படும் இடத்தில் மயிர் இருந்தால் எத்தனை மாஸ்க் போட்டாலும் காற்று அந்த வழியால்தான் போகும். தலையை முழுதாக மூடி, மின்விசிறி வடித்த காற்றை ஊதும் பி.ஏ.பி.ஆர். (PAPR) எனப்படும் கருவிக்குத் தாடி தடையில்லை, உங்கள் பிரிவில் அது இருந்தால் அதுவே உங்களுக்கு. இல்லாத இடத்தில் குழாய் போடும் பொறுப்பை இன்னொருவர் எடுக்கட்டும், நீங்கள் வெளியே மருந்தும் திட்டமும் நடத்துங்கள். ஹிஜாப் அணியும் சகோதரிகள் உள்தொப்பியோ துணியோ மாஸ்க் விளிம்புக்குள் புகாமல் பார்த்தால் போதும். தோலில் நேராக விளிம்பு பட வேண்டும்.

கேள்வி: நான் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். வீதியில் ஒருவர் விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், நோய் தொற்றுமோ என்ற பயத்தில் வாயோடு வாய் வைக்க மனம் வராது. அப்போது என்ன செய்யலாம்?
– வாசகர், மருதானை

பதில்: வாய் வைக்க வேண்டாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்றால் 1990ஐ அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வையுங்கள். கட்டணம் கிடையாது. முகத்துக்குக் கிட்டக் குனிந்து மூச்சைக் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கைக்குட்டையோ சாரமோ எதுவானாலும் அவருடைய வாய் மூக்கின் மேல் லேசாகப் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் கை சோரும், பக்கத்தில் நிற்பவரை மாற்றுங்கள். சிறுபிள்ளைக்கும் நீரில் மூழ்கியவருக்கும் காற்று முக்கியம். அங்கே மூச்சுக் கொடுக்கத் துணிபவர் கொடுத்தால் நல்லது.

கேள்வி: அம்புலன்ஸில் போகும்போதே குழாய் போடலாமா?
– அவசர மருத்துவ உதவியாளர், இராஜகிரிய

பதில்: ஓடும் வண்டியில், கவசத்தோடு, கூடாது. ஐ-ஜெல்லும் ஃபில்டரும் போதும். போட்டே ஆக வேண்டும் என்றால் வண்டியை நிறுத்துங்கள். புறப்படும் முன் சாரதிப் பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையிலான ஜன்னலை மூடி, குளிரூட்டியை வெளிக்காற்று எடுக்கும்படி மாற்றி, பின்பக்க வெளியேற்று விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். இதயம் நின்றவருக்குக் குழாயோ ஐ-ஜெல்லோ வைக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் அழுத்துவதை நிறுத்துங்கள், அழுத்தும் ஒவ்வொரு தடவையும் வாயால் காற்று வெளியே தள்ளப்படும்.

கேள்வி: குழாய் போட்டு முடிந்தபின் வியர்வையில் நனைந்து, எப்படியாவது எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால் போதும் என்றாகிவிடுகிறது. எந்த ஒழுங்கில் கழற்ற வேண்டும்?
– விடுதித் தாதி, கொழும்பு 2

பதில்: அந்த அவசரத்தில்தான் தொற்று கையில் ஏறுகிறது. போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்தான நேரம். எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் வாசிக்க வேண்டும், அவர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

வெளிக்கையுறை நோயாளியருகே போயிருக்கும். கவுனை முன்பக்கம் பிடித்து, உடம்பை விட்டு விலக்கி, உட்பக்கம் வெளியே வரும்படி சுருட்டும்போதே உட்கையுறையும் அதோடு வந்துவிடும். கை கழுவுங்கள். முகத்திரையையும் கொகிள்ஸையும் பின்பட்டியில் பிடித்து, கண்ணை மூடி, முன்னோக்கிக் குனிந்து எடுங்கள். மறுபடி கை. மாஸ்க் கடைசி, அதுவும் அறைக்கு வெளியே வந்து கதவை மூடிய பிறகு: முதலில் கீழ்ப்பட்டி, பிறகு மேல்பட்டி, முன்பக்கத்தைத் தொடாமல். திரும்பவும் கை. வியர்வை கண்ணில் வழிந்தாலும் புறங்கையால் துடைக்கக் கூடாது. அதற்காகவே உடுத்தும் முன் நெற்றியில் துணிப்பட்டி கட்டிக்கொள்வது நல்லது, தண்ணீரும் முன்கூட்டியே குடித்துவிடுங்கள்.

அறையைச் சுத்தம் செய்பவர்கள் எப்போது உள்ளே போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மணித்தியாலத்துக்கு 12 தடவை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம், 99.9 சதவீதம் வெளியேற 35 நிமிடம் எடுக்கும். 6 தடவை மட்டும் மாறும் அறையில் அதுவே 46, 69 நிமிடம். குளிரூட்டி ஓடுவதால் காற்று மாறுகிறது என்று நினைக்காதீர்கள். சுவரில் மாட்டிய சாதாரணக் குளிரூட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றும். வெளியேற்று விசிறி இல்லாத அறை என்றால் ஜன்னலைத் திறந்து, குழாய் போட்டு முடிந்த நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். சுத்தம் செய்ய வரும் ஊழியர் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் உள்ளே போவார்.